நட்சத்திரத்துக்கு அடியில் இருந்த துளை: ஜப்பானியப் போர்க்காலத் தொப்பி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்தது பச்சை கலந்த காக்கி நிறத்தில் ஒரு துணித் தொப்பி. முன்புறம் சிறிய மடலும், பின்புறம் நாடாவை இழுத்து அளவைச் சரிசெய்யும் பிளவும், பக்கங்களில் காற்றுத் துளைகளும், நெற்றிக்கு நேரே மஞ்சள் நிற ஐந்துமுனை நட்சத்திரமும் அதில் இருந்தன. 1945இல் பர்மாவில் ஜப்பானியத் தரைப்படை அதிகாரி ஒருவரிடமிருந்து பிரித்தானியப் படைவீரர் ஒருவர் எடுத்துவந்தது என்னும் குறிப்போடு அது விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தது. வாங்க விரும்பிய சேகரிப்பாளர் விலை பேசி முடிப்பதற்கு முன் கருத்துக் கேட்டார். தேவைப்பட்டால் ஓரிரு தையல்களைப் பிரித்துப் பார்க்கவும் விற்பவர் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டார். பெரும்பாலான சோதனைகள் மேலோட்டமான பார்வையோடு நின்றுவிடுவது இந்த ஒப்புதல் கிடைக்காததால்தான்.

விற்பவர் முன்வைத்த வாதம் இது: தொப்பியின் உள்ளே இராணுவக் கிடங்கின் முத்திரை இல்லை, கடை லேபிளின் மிச்சம் ஒன்று இருக்கிறது, அதிகாரிகள் தம் உடையைத் தம் செலவில் கடைகளில் வாங்கிக்கொண்டவர்கள் என்பதால், முத்திரை இல்லாமையே இது அதிகாரியின் தொப்பி என்பதைக் காட்டுகிறது. இந்த வாதத்தின் முதற்பகுதி உண்மை. தரைப்படை அதிகாரிகள் தையற்காரர்களிடமும், கைக்கோஷா என்னும் தங்கள் சங்கத்தின் விற்பனை நிலையங்களிலும் உடைகளை வாங்கினார்கள். கடற்படை அதிகாரிகளுக்கு சுய்கோஷா என்னும் சங்கம் அதே பணியைச் செய்தது. எனவே அதிகாரியின் தொப்பியில் கிடங்கு முத்திரையை எதிர்பார்க்க முடியாது. ஆனால் கடையில் தொப்பி வாங்கியவர்கள் அதிகாரிகள் மட்டும்தானா என்னும் கேள்வியை அந்த வாதம் கேட்கவே இல்லை.

அதற்கு விடை காண, இந்த வடிவம் பரவிய விதத்தைப் பார்க்க வேண்டும். ஜப்பானியத் தரைப்படையின் பழைய தொப்பி, சிவப்புப் பட்டையும் கடினமான மடலும் கொண்ட வட்டத் தொப்பி. இரும்புத் தலைக்கவசத்துக்கு உள்ளே அதை அணிந்துகொள்ள முடியாது. கவசத்துக்கு அடியிலும் அணியத்தக்க மென்மையான களத் தொப்பி 1930களின் தொடக்கத்தில் மஞ்சூரியாவில் இருந்த ஜப்பானியப் படைகளிடையே புழக்கத்துக்கு வந்து, 1938இல் ஆடை விதிகள் திருத்தப்பட்டபோது முறையான இடத்தைப் பெற்றது. குளிர்காலத்துக்குக் கம்பளி, கோடைக்குப் பருத்தி. வெயிலுக்காகக் கழுத்தின் பின்புறம் நான்கு துண்டுகளாகத் தொங்கும் துணியைத் தனியே மாட்டிக்கொள்ளலாம். மலாயா, சிங்கப்பூர், பர்மா, அந்தமான் ஆகிய இடங்களில் ஜப்பானியர் ஆட்சியைக் கண்ட தமிழ்க் குடும்பங்களின் நினைவில் நிற்பதும் அந்தத் தொங்கும் துணியோடு கூடிய தோற்றம்தான். கடற்படையின் தரையிறங்கு பிரிவுகளும் இதே வடிவத்தை எடுத்துக்கொண்டன. அங்கே நட்சத்திரத்துக்குப் பதில் நங்கூரம் இருக்கும், அதிகாரியின் தொப்பியைச் சுற்றி இரண்டு கருங்கோடுகளும் கீழ்நிலை அதிகாரியின் தொப்பியில் ஒரு கோடும் ஓடும். தரைப்படையில் அப்படிப்பட்ட கோடு எதுவும் கிடையாது. சாதாரணச் சிப்பாயும் தளபதியும் நெற்றியில் நட்சத்திரத்தையே அணிந்தார்கள், அது தரத்தைக் காட்டுவதில்லை. துணியின் நயம், வெட்டு, உள்வேலைப்பாடு ஆகியவற்றில்தான் வேறுபாடு தெரியும்.

பொதுமக்களின் பக்கம் கதை வேறு. 1940 நவம்பரில் பேரரசு ஆணை ஒன்று தேசிய ஆடையை வரையறுத்தது. ஆண்களுக்கான அந்த ஆடையில் இரண்டு வகைகள் இருந்தன. இரண்டாவது வகை இராணுவ உடையை ஏறத்தாழ அப்படியே ஒட்டியது. அதோடு சேர்ந்து வந்ததுதான் ‘கொக்குமின்போ’ எனப்பட்ட தேசியத் தொப்பி. நிறத்துக்கே ‘தேசப் பாதுகாப்பு நிறம்’ என்று பெயர். 1939இல் அமைக்கப்பட்ட வான் தாக்குதல் தடுப்பு மற்றும் தீயணைப்புக் காவல் குழுவினரும், தொழிற்சாலைப் பணியாளர்களும், இளைஞர் பள்ளி மாணவர்களும், அலுவலக எழுத்தர்களும் இந்த வடிவத்தையே அணிந்தார்கள். போரின் கடைசி ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஜப்பானிய நகரத் தெருப் படங்களைப் பார்த்தால், இந்தத் தொப்பி இல்லாத ஆண் தலையைத் தேடவேண்டியிருக்கும். ஆகையால், எந்தப் பின்னணியும் தெரியாத ஒரு தொப்பி கைக்கு வரும்போது அது பொதுமக்களுடையது என்று வைத்துக்கொண்டே ஆய்வைத் தொடங்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. இராணுவத்தினுடையது என்பதை நிறுவும் பொறுப்பு, அப்படிச் சொல்கிறவரைச் சேர்ந்தது.

சிப்பாய்களுக்கு வழங்கப்பட்ட தொப்பியில் அந்த நிறுவுதல் எளிது. தரைப்படையின் உடைக் கிடங்குகளுக்கு டோக்கியோ தலைமையிடம். ஒசாகாவிலும் ஹிரோஷிமாவிலும் கிளைகள். ஹிரோஷிமாக் கிளையின் செங்கல் கட்டடங்கள் சில அணுகுண்டையும் தாங்கி இன்றும் நிற்கின்றன. இந்தக் கிடங்குகளின் வழியாகச் சென்ற தொப்பியின் உட்துணியில் கிடங்கின் பெயர்ச்சுருக்கம், சோதனை முத்திரை, ஆண்டு, அளவு ஆகியவை மையால் பதிக்கப்பட்டிருக்கும். ஆண்டு ஷோவா கணக்கில், அதாவது பேரரசர் ஹிரோஹிட்டோவின் ஆட்சியாண்டுக் கணக்கில், இருக்கும். அதனோடு 1925ஐக் கூட்டினால் நம் ஆண்டு கிடைக்கும், அதாவது ஷோவா 17 என்பது 1942. போலிகளில் இந்த முத்திரை பெரும்பாலும் தேவைக்கு மேல் தெளிவாக இருக்கும். பழைய மை இழைகளுக்குள் இறங்கி ஓரங்களில் கசிந்திருக்கும், வியர்வையும் எண்ணெயும் அதன் மேலே படிந்திருக்கும். அழுக்கின் மேலே மை உட்கார்ந்திருந்தால் முத்திரை அழுக்கைவிட இளையது. நம் தொப்பியில் முத்திரையே இல்லாததால் இந்த வழி அடைபட்டுவிட்டது. போலி முத்திரை குத்தாமல் விட்டதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

சோதனை உள்ளிருந்து வெளியே சென்றது. நட்சத்திரத்தைக் கடைசியாகப் பார்ப்பது என்று முன்பே முடிவுசெய்திருந்தேன். அதை முதலில் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் கண் அதற்கேற்பப் படிக்கத் தொடங்கிவிடும்.

வியர்வைப் பட்டை தோலால் ஆனது அல்ல, மேற்பூச்சுப் பூசிய துணி. அதிகாரியின் தொப்பியில் தோற்பட்டையை எதிர்பார்க்கலாம் என்றாலும், தோல் தட்டுப்பாடு முற்றிய பிறகு மாற்றுப் பொருள்கள் எங்கும் புகுந்தன. மோவாய்ப் பட்டைக்கும் இது பொருந்தும். எனவே இவற்றுக்குப் பெரிய மதிப்புத் தரவில்லை.

லேபிள்தான் முதற்பெரும் சான்று. உச்சிப்பகுதியின் உட்துணியில் தைக்கப்பட்டிருந்த அந்த ரேயான் (மரக்கூழிலிருந்து செய்யும் செயற்கை இழை) லேபிளின் இடப்பகுதி உராய்ந்து கிழிந்துபோயிருந்தது. வலப்பக்கம் இரண்டு எழுத்துகள் முழுமையாகவும், அவற்றுக்கு இடப்பக்கம் மூன்றாவது எழுத்து ஒன்றின் விளிம்பும், அவற்றின் கீழே வட்டத்துக்குள் ஓர் எழுத்தும் தெரிந்தன. இதற்கு முன் தொப்பியைப் பார்த்த ஒருவர் அந்த இரண்டு எழுத்துகளை இடமிருந்து வலமாகப் படித்து, ‘குடியரசு’ என்று பொருள்கொண்டு, இது சீனக் குடியரசில் செய்யப்பட்டதாக இருக்கலாம் என்று எழுதிக்கொடுத்திருந்தார். எழுத்துகளை அவர் சரியாகத்தான் அறிந்திருந்தார், திசைதான் தவறு. போர் முடியும்வரை ஜப்பானில் கிடைமட்ட எழுத்து பெரும்பாலும் வலமிருந்து இடமாகவே அச்சிடப்பட்டது. அந்த வழியில் படித்தால் முதல் இரண்டு எழுத்துகள் ‘கொக்குமின்’, அதாவது தேசத்தின் குடிமக்கள். கிழிந்துபோன மூன்றாவது எழுத்தின் எஞ்சிய விளிம்பு, தொப்பியைக் குறிக்கும் ‘போ’ என்னும் எழுத்தின் வலப்பாதியோடு பொருந்துகிறது. முதல் எழுத்து, போருக்குப் பிந்தைய எழுத்துச் சீர்திருத்தம் எளிமையாக்குவதற்கு முந்தைய பழைய வடிவில் இருந்தது. ஆக, லேபிள் தன் பெயரைத் தானே சொல்லிவிட்டது.

வட்டத்துக்குள் இருந்த எழுத்து ‘அரசு நிர்ணயித்தது’ என்னும் பொருள் தருவது. கட்டுப்பாட்டு விலையைக் காட்டும் குறி. 1939 இலையுதிர் காலத்தில் ஜப்பானிய அரசு விலைகளை அவ்வாண்டு செப்டம்பர் 18ஆம் நாளின் நிலையில் உறையவைத்தது; அப்படி உறைந்த விலைக்கு ஒரு குறியும், அரசே நிர்ணயித்த விலைக்கு இந்தக் குறியும் பொருள்களில் இடப்பட்டன. விலைக் கட்டுப்பாடு போருக்குப் பின்னும் சில ஆண்டுகள் தொடர்ந்ததால் இந்தக் குறி ஒன்றைக் கொண்டே ‘போர்க்காலம்’ என்று எழுதிவிடக் கூடாது, விற்பனைப் பட்டியல்கள் அடிக்கடி அப்படித்தான் எழுதுகின்றன. இங்கே தேசியத் தொப்பி என்னும் பெயர் 1940 நவம்பரைக் கீழ் எல்லையாக வைக்கிறது. எழுத்துத் திசையும் பழைய எழுத்து வடிவமும் 1945ஐயோ அதை அடுத்த மிகக் குறுகிய காலத்தையோ மேல் எல்லையாகக் காட்டுகின்றன. கடைகளில் இந்த விலைக் குறியோடும், 1942 பிப்ரவரிக்குப் பிறகு ஆடைப் பங்கீட்டுச் சீட்டின் புள்ளிகளைப் பெற்றுக்கொண்டும் விற்கப்பட்ட சரக்கின் சாயல் இது. அந்தச் சீட்டு முறையில் நகரவாசி ஒருவருக்கு ஆண்டுக்கு 100 புள்ளிகள், மற்ற இடங்களில் வாழ்வோருக்கு 80.

அடுத்தது துணி. தொட்டால் பருத்தி போலவும் சற்று வழவழப்பாகவும் இருந்தது. உள்மடிப்பின் தையல் இடத்திலிருந்து, வெளியே தெரியாத வகையில், சில இழைகள் எடுக்கப்பட்டன. எரித்தபோது காகிதம் எரிவதுபோல் எரிந்து மென்மையான சாம்பலானது. மயிர் கருகும் வாடையும் இல்லை, உருகிக் கட்டியாகும் தன்மையும் இல்லை. எனவே கம்பளியும் பாலியெஸ்டரும் விலக்கப்பட்டன. ஆனால் பருத்தியும் ரேயானும் ஒரேபோல் எரிபவை என்பதால் நுண்ணோக்கி தேவைப்பட்டது. பருத்தி இழை முறுக்கிய நாடாபோலத் தெரியும். விஸ்கோஸ் ரேயான் முறுக்கின்றி, நீளவாட்டில் கோடுகளோடு தெரியும். இந்தத் துணியில் இரண்டும் கலந்திருந்தன, ரேயான் மிகுதியாக. 1937 இறுதியிலிருந்தே ஜப்பானில் உள்நாட்டுத் துணிகளில் ரேயானின் குற்றிழையை (நறுக்கிய குட்டை இழையை) கலக்கும்படி விதி இருந்தது. 1938இல் உள்நாட்டுப் பொதுமக்களுக்கான பருத்தித் துணிக்கே தடை வந்தது. ‘சுஃபு’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்த இழை போர்க்கால ஜப்பானில் மட்டமான துணிக்கே மறுபெயராகிவிட்டது. நனைந்தால் அதன் வலிமை பெருமளவு குறைந்துவிடும். பர்மாவின் பருவமழையில் காலம் கழித்த அதிகாரி, தம் செலவில் நல்ல துணி வாங்கும் உரிமை இருந்தும், இதைத் தேர்ந்தெடுத்தார் என்பது நம்பத்தக்கதாக இல்லை. தட்டுப்பாட்டின் உச்சத்தில் இராணுவத்துக்கும் மட்டமான துணி சென்றது என்பதால் இதை முடிவான சான்றாகக் கொள்ளவில்லை. ஆனால் லேபிள் காட்டிய திசையிலேயே துணியும் நிற்கிறது.

புற ஊதா விளக்கின் கீழ் தொப்பியின் துணியும் உட்துணியும் மூலத் தையல்களும் மங்கலாக இருந்தன. நட்சத்திரத்தைத் தொப்பியோடு பிணைத்த நூல் மட்டும் நீலவெண்மையாக ஒளிர்ந்தது. அந்த ஒளிர்வு 1950களுக்குப் பின் நூல்களிலும் சலவைத் தூள்களிலும் பரவலான வெண்மையூட்டிகளுக்கு உரியது. தொப்பியைப் பிற்காலத்தில் சலவைத் தூளில் துவைத்திருந்தால் எல்லா நூல்களும் ஓரளவு ஒளிர்ந்திருக்க வேண்டும்; ஒன்று மட்டும் ஒளிர்ந்ததால் அந்த நூல் பிற்காலத்தது. இங்கே அவசரப்படுகிறவர்கள் ‘போலி’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். கழன்றுபோன நட்சத்திரத்தைக் குடும்பத்தினரோ சேகரிப்பாளரோ நல்லெண்ணத்தோடு மீண்டும் தைத்திருக்கலாம் அல்லவா? 1972இல் குவாம் தீவின் காட்டில் கண்டுபிடிக்கப்பட்ட யோக்கோய் ஷோயிச்சி, முன்பு தையற்காரராக இருந்தவர், மரப்பட்டை நாரை நெய்து தமக்கே உடை தைத்துக்கொண்டார். எந்த விதிநூலிலும் இல்லாத அந்த உடையைக் காட்டிலும் உண்மையான ஜப்பானியப் படைவீரர் உடை வேறு எது? பிற்காலப் பழுதுபார்ப்பும் ஒழுங்கற்ற வேலைப்பாடும் தம்மளவில் எதையும் பொய்யாக்குவதில்லை.

எனவே தையலைப் பிரித்து அடியில் பார்க்க வேண்டியிருந்தது. நட்சத்திரத்தின் காக்கிப் பின்துணியில் கீழ்ப்பக்கத் தையல்கள் மட்டும் பிரிக்கப்பட்டு, அது மேல்நோக்கித் தூக்கப்பட்டது. பல ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்த சின்னம் தன் அடியிலுள்ள துணியை வெயிலிலிருந்து காத்திருக்கும். அங்கே மூல நிறம் அடர்ந்து, சின்னத்தின் உருவிலேயே ஒரு நிழல்போல் எஞ்சியிருக்கும். போர் முடிந்தபின் நாடு திரும்பிய படைவீரர்கள் நட்சத்திரத்தைப் பிரித்துவிட்டு அதே தொப்பியைப் பல ஆண்டுகள் அணிந்தார்கள். அவற்றில்கூட அந்த நிழலும், பின்துணியின் ஓரத்தைச் சுற்றிய ஊசித்துளைகளும் கண்ணுக்குத் தெரியும். இந்தத் தொப்பியில் நட்சத்திரத்தின் அடியில் இருந்த துணி சுற்றியுள்ள துணியின் அளவுக்கே வெளுத்திருந்தது. அதாவது, வெளுத்து முடிந்த பிறகுதான் நட்சத்திரம் அங்கே வந்திருக்கிறது.

அந்த வெளுப்பின் நடுவே ஒரு சிறு துளையும், அதைச் சூழ்ந்து நாணய அளவில் வெளுக்காத ஒரு வட்டமும் இருந்தன. துளையின் உட்புறத்தில் பச்சையேறிய கறை, செம்போ பித்தளையோ தொட்டுக்கொண்டிருந்ததன் அடையாளம். திருகிப் பொருத்தும் உலோகச் சின்னம் ஒன்று நெடுங்காலம் அங்கே இருந்திருக்கிறது. அது தொழிற்சாலையின் சின்னமாகவோ பள்ளியின் சின்னமாகவோ காவல் குழுவின் சின்னமாகவோ இருக்கலாம். களத் தொப்பியின் நட்சத்திரம் துணியாலானது, ஊசியும் நூலும் போதும். அதற்குத் துளை தேவையே இல்லை.

நட்சத்திரத்தைத் திருப்பிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அதன் பின்துணியின் ஓரத்தில் இரண்டு வரிசை ஊசித்துளைகள் இருந்தன. ஒரு வரிசையில் ஒளிரும் நூல் ஓடியது. மற்றொரு வரிசை வெறுமையாக, பழைய அழுக்கோடு இருந்தது. அந்த வெற்று வரிசைக்கு ஈடான துளைகள் தொப்பியில் எங்கும் இல்லை. கம்பளி ஃபெல்ட்டாலான நட்சத்திரமும் அதன் பின்துணியும் விளக்கின் கீழ் ஒளிரவில்லை, பூச்சி அரித்த தடங்களும் இயல்பாக இருந்தன. அது போர்க்காலத்து உண்மையான நட்சத்திரம் என்றே கருதுகிறேன், வேறொரு தொப்பியிலிருந்து எடுக்கப்பட்டது.

எஞ்சிய சாத்தியங்களையும் எடைபோட வேண்டியிருந்தது. திரைப்படத்துக்கோ போர்க்கால நிகழ்த்துகைகளுக்கோ செய்யப்பட்ட நகல் என்னும் ஐயத்தைத் துணியும் லேபிளும் விலக்கிவிட்டன. நகல் செய்கிறவர்கள் கடைச்சரக்கின் விலைக் குறியையும் ரேயான் கலவையையும் போலிசெய்ய மெனக்கெடுவதில்லை. பழுதுபார்க்கப்பட்ட அதிகாரித் தொப்பி என்பதை வெளுப்பும் துளையும் விலக்கின. கடினமான சாத்தியம் ஒன்று மட்டும் நின்றது: இராணுவத்தோடு இணைந்து பணியாற்றிய பொறியாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், நிறுவன ஊழியர்கள் எனப் படைவீரர் அல்லாத ஜப்பானியர் பலர் தென்கிழக்காசியாவில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கடையில் வாங்கிய தேசியத் தொப்பியோடு பர்மாவுக்கு வந்திருக்கவும், அது 1945இல் பிரித்தானியர் கைக்குச் சென்றிருக்கவும் முடியும். விற்பவரின் கதையில் அந்த அளவுக்கு உண்மை இருந்தால் அதை மறுக்கத் தொப்பியில் எதுவும் இல்லை. ஆனால் அதை ஆதரிக்கவும் எதுவும் இல்லை: கடிதமோ, படமோ, பொருள் கைமாறிய பதிவோ காட்டப்படவில்லை.

முடிவு அறிக்கையில் இவ்வாறு எழுதப்பட்டது: தொப்பி உண்மையானது, 1940 நவம்பருக்குப் பிந்தைய தேசியத் தொப்பி, உள்நாட்டுச் சில்லறை விற்பனைக்குச் செய்யப்பட்டது, நட்சத்திரம் உண்மையானது, தரைப்படையினுடையது, இரண்டையும் சேர்த்த தையல் 1950களுக்குப் பிந்தையது, அதிகாரியின் தொப்பி என்னும் கூற்றுக்கு ஆதாரம் இல்லை. நட்சத்திரத்தைத் தைத்தவர் இன்றைய விற்பவர்தான் என்று சொல்ல எந்தச் சான்றும் கிடையாது, அந்த நூல் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஓடியிருக்கலாம் என்பதும் அறிக்கையில் தனியே குறிக்கப்பட்டது.

இத்தகைய மாற்றங்களுக்குக் காரணம் விலைதான் என்பதில் ஐயமில்லை. அதிகாரியின் தொப்பிக்குச் சேகரிப்பாளர்கள் தரும் விலை, தேசியத் தொப்பிக்குக் கிடைப்பதில்லை. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதிகாரிகளின் தொப்பிகள் கவனமாகப் பேணப்பட்டன, ஏராளமாகவே எஞ்சியிருக்கின்றன. மட்டமான இழையில், கட்டுப்பாட்டு விலையில், சீட்டுப் புள்ளிகளைக் கொடுத்து வாங்கிய தொப்பியோ கிழியும்வரை அணியப்பட்டுப் பிறகு குப்பைக்குப் போனது. லேபிளோடு எஞ்சுவது அரிது. இந்தத் தொப்பியில் இழந்தது என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், நட்சத்திரம் தைப்பதற்காகக் கழற்றி எறியப்பட்ட அந்த உலோகச் சின்னத்தைத்தான் சொல்வேன். அது இருந்திருந்தால் எந்தத் தொழிற்சாலை, எந்த ஊர் என்பதுவரை போயிருக்கலாம்.

விற்பவர் அறிக்கையைப் படித்துவிட்டு விலையைக் குறைத்தார். சேகரிப்பாளர் தேசியத் தொப்பியாகவே அதை வாங்கிக்கொண்டார். நட்சத்திரத்தின் மீதித் தையல்களும் பிரிக்கப்பட்டன. ஒளிரும் நூலின் துண்டுகளும் நட்சத்திரமும் தனித்தனி அமிலமற்ற உறைகளில், தொப்பியின் அதே பதிவெண்ணோடு வைக்கப்பட்டிருக்கின்றன. பர்மாக் கதை பதிவிலிருந்து நீக்கப்படவில்லை. ‘விற்பவர் கூற்று, சரிபார்க்கப்படவில்லை’ என்னும் தலைப்பின் கீழ் அப்படியே இருக்கிறது.